இரண்டு ரயிலுக்கு ஒரு சாவி

அறுபத்தொன்பதோ எழுபதோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆனால் அந்த நவராத்திரியின் ஆறாம் நாள் சாயங்காலம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. மறந்து தொலைக்கலாம் என்று எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

எங்கள் தெருவில் முதன்முதலில் கொலு வைத்தவள் நான். ஏழு படி. அதற்குக் கீழே பார்க் கட்டுவதில் என் அளவுக்கு மெனக்கெடுகிறவர்கள் கிடையாது. பத்து நாளைக்கு முன்பே கேழ்வரகு தெளித்துப் புல் வளர்த்து, உடைந்த கண்ணாடியைக் குளமாக்கி, அதில் தெப்பம்கூட வைத்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரியும் நானும் ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா அக்கா என்று பிரியமாக இருப்பாள். அவள் வீட்டில் ஐந்தே படி. பொம்மைகளில் பாதிக்கு மூக்கு உடைந்திருக்கும். ஆனால் அவளிடம் ஒரு ரயில் இருந்தது.

அவளுடைய மாமனார் உயிரோடிருந்தபோது ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தகர ரயில் அது. பச்சை என்ஜின், மூன்று பெட்டி, வட்டமாகத் தண்டவாளம். சாவி கொடுத்தால் கிர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு பார்க்கைச் சுற்றி வரும். என் வீட்டுக்கு வருகிற பெண்கள் குங்குமம் வாங்கிக்கொள்வார்கள், சுண்டலை ஒரு வாய் போட்டுக்கொள்வார்கள், "நேரமாவுதுக்கா, ரயிலு ஓட வுட்டுடுவாங்க" என்று எழுந்துவிடுவார்கள். ஏழு படியும் தெப்பமும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நாசூக்கான வார்த்தை தேடுவானேன், பொறாமைதான்.

என் வீட்டுக்காரர் பட்டுக் கடையில் வேலை பார்த்தார். மாதம் ஒரு தடவை புடவை மூட்டையோடு மெட்ராஸ் போவார். அவரை நச்சரித்து நச்சரித்து மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ரயில் வாங்க வைத்தேன். அச்சு அசலாக அவள் ரயிலின் ஜாடை, சிவப்பு என்ஜின். ஆனால் முன்சக்கரம் ஒன்று இல்லை, பெட்டியை மாட்டும் கொக்கி இல்லை, சாவியும் இல்லை. அடுத்த எட்டு மாதம் அவருக்கு இதே வேலை.

"ஒரு சக்கரத்துக்காக மெட்ராஸையே சலிச்சுட்டேன்டி. கடைக்காரன் என்னைப் பாத்தாலே பொம்மைக்காரர் வந்துட்டாருன்னு சிரிக்கிறான்" என்பார்.

கடைசியில், தறியில் பூ விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டியைப் பழுது பார்க்கிறவர் பித்தளையில் ஒரு சக்கரம் கடைந்து கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூட்டும் குடையும் ரிப்பேர் செய்கிற பாய், குடைக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து தந்தார். சாவிதான் அமையவில்லை. சுவர்க் கடிகாரச் சாவி பெரிது, டைம்பீஸ் சாவி சிறிது.

"சாவியைக் கண்ணால பாக்காம அரத்துல ராவ முடியாதும்மா. நமூனா ஒன்னு இருந்தா கொண்டாங்க, அதே மாதிரி செஞ்சிடறேன்" என்றார் பாய்.

நமூனா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டில்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்டால் அவள் ரயிலைப் பார்த்துத்தான் நான் ரயில் வாங்கினேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அது மட்டும் முடியாது.

நவராத்திரி வந்தது. இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் ரயில் ஓடும், ஆறாம் நாள் எல்லாரும் வாருங்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாம் நாள், புதன்கிழமை, அவள் வீட்டுக் கொலுவுக்குப் போனேன். அவள் சுண்டல் எடுக்க உள்ளே போனாள். கீழ்ப்படியில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் சாவி இருந்தது. தொலைந்துவிடக் கூடாது என்று சிவப்பும் கிளிப்பச்சையுமாகப் பட்டு நூலை முறுக்கி அதில் கட்டி வைத்திருந்தாள். எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவள் கொடுத்த வெற்றிலை பாக்கையும் அதே முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பாயிடம் கொடுத்தேன். "இந்த நூல வெட்டிடட்டுமாம்மா? வேலைக்கு இடைஞ்சலா இருக்குது" என்றார். வேண்டாம் என்று பதறிவிட்டேன். நூலை வெட்டினால் திருட்டு. வெட்டாத வரைக்கும் இரவல்தானே என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அவர் கடை திறக்கவில்லை. சனிக்கிழமைதான் இரண்டு சாவியும் கைக்கு வந்தன.

அதற்குள் பக்கத்து வீட்டில் ரகளை. நடுவில் ஒரு சுவர்தானே, எல்லாம் கேட்டது. அவளுடைய மாமியாருக்கு அந்த ரயில் வெறும் பொம்மை இல்லை; கணவர் நினைவாக மிஞ்சியிருந்த ஒரே பொருள். "உன் கையிலதானே குடுத்து வச்சேன்? அவரு போனப்புறம் ஒரு வருசம் நின்னதா இந்த ரயிலு?" என்று அந்தம்மா அழுததும், இவள் பீரோவையும் அரிசிப் பானையையும் கவிழ்த்துத் தேடியதும் கேட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுத்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் ரயில் நின்றதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

பாய் செய்த சாவியைப் போட்டு முறுக்கினேன். இரண்டே முறுக்கு, பித்தளை மெத்தென்று இருந்ததில் சதுர ஓட்டை வட்டமாகிவிட்டது. மறுநாள் ஆறாம் நாள். தெருவே வரப்போகிறது. ஒரே ஒரு சாயங்காலம், அப்புறம் அவள் வீட்டில் படிக்கு அடியில் நைசாகப் போட்டுவிடலாம் என்று அவள் சாவியையே என் என்ஜினில் மாட்டினேன். நூலைச் சக்கரத்துக்கு மேலே சொருகி மறைத்தேன்.

கூடம் நிறையப் பெண்கள். என் ரயில் ஓடியது. எல்லார் கண்ணும் என் பார்க்கின் மேல். அந்த இரண்டு நிமிடம் நான் தரையிலேயே இல்லை. அப்போது வாசலில் அவள் குரல்.

"அக்கா, உங்க வூட்டு ரயிலு ஓடுதாமே! நாலு நாளா அத்தே சரியா சாப்புடல. இதையாவது பாக்கட்டும்னு கூட்டியாந்தேன்."

மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து பார்க்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ரயில் இன்னும் ஒரு சுற்று வந்து, சாவி தீர்ந்து, சரியாக அந்தம்மா முன்னால் போய் நின்றது.

"இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்கணும்மா. நம்புளுது மாதிரியே இருக்குது" என்று அந்தம்மா ஆசையாக என்ஜினைக் கையில் எடுத்தார். விரல் சாவியைத் தேடியது. நூல் வெளியே வந்து தொங்கியது.

"இது எங்க வூட்டு நூலாச்சே?"

பக்கத்து வீட்டுக்காரி நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குத் தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது. திருடி என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும், அந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து தண்ணீர் பிடிக்கப் போக முடியாது.

"நான்தான் அத்தே குடுத்தேன். அக்கா ஓட்டிப் பாக்கணும்னு கேட்டாங்க. குடுத்ததே மறந்துபோச்சு" என்றாள்.

"மறந்துபோச்சா? நாலு நாளா வூட்டைப் பொரட்டிப் போட்டுத் தேடுனியே, அப்பக்கூடவா ஞாபகம் வரல? இன்னாத்துக்குடி உனக்குத் தலைன்னு ஒன்னு இருக்குது?" அத்தனை பெண்கள் முன்னாலும் அந்தம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திருடியதைவிட, அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அவர்கள் கிளம்பும்போது சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். "இன்னைக்கு ஓடட்டும்கா. நாளைக்குக் குடுங்க" என்று சொல்லி, குங்குமம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சாவியோடு போனேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். அவள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தவில்லை. "அந்த மாடத்துல வையுங்கக்கா" என்றாள். வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த வருஷம் கொலு வைத்த முதல் நாள். அவள் ஒரு தட்டோடு வாசலில் வந்து நின்றாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள். அதன் மேல் சாவி. புதிதாகப் பட்டு நூல் கட்டியிருந்தாள்.

"உங்க ரயிலு மொதல்ல ஓடட்டும்கா. பொறவு குடுத்தனுப்புங்க."

இது தயவா, தண்டனையா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. ரயிலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், இப்போது அவளுடைய மனசைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ரயில் என்றால் மூர் மார்க்கெட்டில் தேடலாம். இதற்கு எந்தக் கடைக்குப் போவது?

அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்தத் தட்டு வருகிறது. ஒரு சாவி, இரண்டு ரயில். நான்காம் வருஷம் என் வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். ஒரு பழைய பொம்மைக் குப்பையில் அதே சாவி கிடைத்துவிட்டதாம். மாட்டிப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. எதற்காக அவரை அத்தனை நாள் அலைய வைத்தேனோ, அது என் உள்ளங்கையில் இருந்தது. கழற்றி, கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். எனக்குச் சொந்தச் சாவி வந்துவிட்டது என்று தெரிந்தால், அவள் எதற்குத் தட்டோடு வரப்போகிறாள்?

நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகையை எங்கள் இரண்டு வீடும் சேர்ந்துதான் வாங்குகிறோம். முதலில் அவள் படித்துவிட்டு, பிறகுதான் என்னிடம் தருவாள். பேர் போடாவிட்டாலும் இரண்டாவது வரியிலேயே அவளுக்குப் புரிந்துவிடும். அடுத்த நவராத்திரிக்குத் தட்டு வருமோ வராதோ, அது அவள் இஷ்டம். அன்றைக்கு ஒரு சாவியை வாய் திறந்து கேட்கத் தெரியாதவள், இத்தனை வருஷம் கழித்து ஒரு மன்னிப்பையும் வாய் திறந்து கேட்கத் தெரியாமல், அடுத்த வீட்டுக்குத் தபாலில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.