மருந்து தெளித்தும் வளராத நெல்

என் உயரம் நான்கடிக்கும் குறைவு. நேரில் பார்ப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்காது. எழுதும்போதுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அத்தாவும் அம்மாவும் என்னை அந்தமானிலிருந்து கப்பலில் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று போர்ட் பிளேரில் யாரோ சொல்லியிருந்தார்கள். சென்னை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு ஊசி வேண்டாம் என்றார். ஹார்மோன் என் உடம்பில் வேண்டிய அளவு இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஏற்பிதான் செல்லில் பழுது என்றார். அத்தாவுக்கு அது புரியவில்லை. "இருந்தா வளரணும்ல?" என்று திரும்பும் கப்பலில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

இப்போது கராச்சர்மா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். செடி எப்படி வளர்கிறது, எது அதை நிறுத்துகிறது என்று செல்லுக்குள் போய்ப் பார்க்கிற வேலை. எனக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் விண்ணப்பித்தது வேர்ப்பூஞ்சை ஆராய்ச்சிக்கு. காலியாக இருந்த இடம் இது. முதல் நாள் என் மேலதிகாரி, ஒரு மலையாளி அம்மா, நெல் தட்டுகளைக் காட்டியபோது 'குட்டை' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் லேசாக இருமினார். அவர் கஷ்டப்படுவதைப் பார்த்து நான்தான் கூசிப்போனேன்.

எங்களிடம் இரண்டு வகைக் குட்டை நெல் உண்டு. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒன்றுக்கு ஹார்மோனைத் தயாரிக்கத் தெரியாது. வெளியிலிருந்து தெளித்தால் நிமிர்ந்துவிடும். மற்றொன்றில் ஹார்மோன் உண்டு, செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் அதைப் பிடித்து உள்ளே சேதி அனுப்பும் ஏற்பி பழுது. அதன்மேல் எவ்வளவு தெளித்தாலும் அப்படியே நிற்கும்.

ஆய்வுக்கூடத்தை எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிடும் நாள் ஒன்று வந்தது. இந்த இரண்டு தட்டுகளையும் மக்களுக்கு விளக்கும் வேலை எனக்கு வந்தது. வேறு யாராவது செய்யட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். மேலதிகாரி, "உன்னளவுக்கு யாருக்கும் ஹிந்தியில் தெளிவாகச் சொல்ல வராது" என்றார். அது உண்மை என்பதால் மறுக்க முடியவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், சௌல்தாரியிலிருந்து சில விவசாயிகள் வந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். முதல் தட்டுவரை நன்றாகத்தான் போனது. இரண்டாவது தட்டைக் கையில் எடுத்து, "இதற்கு மருந்து கொடுத்தும் பயனில்லை" என்றபோது பின்வரிசையில் ஒரு சிரிப்பு. உடனே டீச்சர் திரும்பி, "சுப்! பேச்சாரி கோ புரா லகேகா" என்று அதட்டினார். பாவம், அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடிந்தது. 'பாவம்' என்றதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். முகம் கொதித்தது. பலகையை விட்டு இறங்கினால் மேசைக்குப் பின்னால் மறைந்துபோவேன். அது இன்னும் கேவலம். அப்படியே நின்றேன்.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் அத்தாவைப் பார்த்தேன். பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். நான் அவரிடம் சொல்லவே இல்லை. கடைக்கு வந்த யாரோ சொல்லி, கடையைச் சாத்திவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். என் அத்தா என்று காட்டிக்கொள்ளாமல் கையை உயர்த்தினார்.

"மேடம், யே பீமாரி மா ஸே ஆதா ஹை, யா பாப் ஸே?"

இந்த நோய் தாயிடமிருந்து வருகிறதா, தகப்பனிடமிருந்தா. அவர் கேட்டது நெல்லைப் பற்றி இல்லை. அம்மா அவருக்கு மாமு மகள், தாய்மாமன் பெண். நான் வளரவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அத்தாவின் அக்கா, "எங்க வீட்ல யாரும் இப்படி இல்ல, அது அவ கொண்டு வந்தது" என்று சொல்லி வந்தார். அத்தா அதை ஒருநாளும் மறுத்ததில்லை. கல்லூரியில் இதைப் படித்த அன்றே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அத்தாட்ட சொல்லாத, அவரால தாங்க முடியாது" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது ஊர் முன்னால் கேட்டுவிட்டார். நெல்லைக் காட்டி எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் குரல் தானாக வந்தது.

"தோனோன் ஸே. இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் இப்படி ஆகும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாது."

அத்தா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சௌல்தாரிக்காரர் ஒருவர், என்னவென்று தெரியாமல், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எங்கள் வீட்டுச் சங்கதி நடுக்கூடத்தில் கிடந்தது போல் இருந்தது. அவரிடம் போகவேண்டும் என்று தோன்றியது, ஆனால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலகையிலேயே நின்றேன். மேலதிகாரிதான் மற்றவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்.

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் பகுதியான லம்பா லைனில் இறங்கி வீட்டுக்குள் போனதும் அம்மாவிடம் அவரே சொன்னார். "பாதி என்னுதாம். புள்ள சொல்லிருச்சு."

அழுவாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. "அத்தன பேரு முன்னாடியா கேட்டீங்க? வீட்ல வச்சுக் கேட்டா என்ன? புள்ளய வேல பாக்குற எடத்துல தல குனிய வச்சிட்டு வந்திருக்கீங்க!"

"வீட்ல கேட்டா நீங்க ரெண்டு பேரும் எனக்காகப் பொய் சொல்லுவீங்க" என்றார் அத்தா.

அத்தா மெயின்லேண்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். நாங்கள் கேட்க வேண்டும் என்றுதான்.

"அக்கா, அது எங்கிட்ட இருந்தும் வந்ததுதான். இனி அவளச் சொல்லாத."

மறுமுனையில் அவர், "இப்ப எதுக்குடா இதெல்லாம்? புள்ளைக்கி நாளைக்கி ஒரு சம்பந்தம் வந்தா?" என்றார்.

"வந்தா அவங்ககிட்டயும் சொல்லுவேன்" என்றார் அத்தா.

நான் சமையலறைக்குப் போய் அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. எனக்காக ஒருவர் இப்படிப் பேசினால் தலை நிமிர வேண்டும் என்பார்கள். எனக்கு அப்படி வரவில்லை. என் உடம்பைப் பற்றி ஒரு வீடு முழுக்கச் சத்தமாகப் பேசுகிறது என்பதுதான் அப்போது காதில் விழுந்தது. அம்மா வந்து துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "போ, அத்தாவுக்கு டீ குடு" என்றாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஓர் இளக்கம் இருந்தது. அதைப் பார்த்ததற்கும் எனக்கு வெட்கமாக இருந்தது.