ஒரு விரல் பெட்ரோல்

என் காரில் பெட்ரோல் காட்டும் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும். நிரப்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி. அதை நம்பி இளம்பிள்ளைச் சாலையில் இரண்டு தடவை நின்றுபோய், மாடு பூட்டி இழுத்து வந்தோம். சேலத்தில் கொண்டுபோய்க் காட்டினால், சாமான் கப்பலில் வர வேண்டும், உலகச் சண்டை முடியட்டும் என்றார்கள். சண்டை முடிகிற மாதிரி இல்லை. பெட்ரோலும் கூப்பனுக்குத்தான் கிடைத்தது.

டிரைவர்தான் வழி கண்டுபிடித்தார். ஆட்டையாம்பட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டியை வாசலில் நிறுத்தி, ஒவ்வொரு காலன் பெட்ரோலாக ஊற்றி, ஒரு பூவரசங்குச்சியில் கத்தியால் வெட்டுப் போட்டு வைத்தார். குச்சியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்ததும் ஈரம் காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும். வெளியே போய்த் திரும்பினால் வாசலிலேயே அளந்து எனக்குக் காட்டிவிட்டு, வண்டியைக் கொட்டகையில் விடுவார். மாட்டுக் கொட்டகையில் பாதியைக் காலி செய்து காருக்குக் கொடுத்திருந்தோம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தட்டுப்பாடு முற்றியதும் காலையில் நானும் கொட்டகைக்குப் போய் அளக்க ஆரம்பித்தேன். முந்தின நாள் வாசலில் அளந்ததைவிட ஒரு விரற்கடை குறைந்திருந்தது. மறுநாளும் ஒரு விரல். செவ்வாய்ப்பேட்டை போய்வந்த நாளில், குறைய வேண்டிய அளவு குறையாமல் இருந்ததும் என் கண்ணில் பட்டதுதான். அதை யோசிக்க எனக்கு மனம் வரவில்லை. சந்தேகப்பட்டவனுக்குக் குறைந்தது மட்டும்தான் தெரியும்.

நாலாம் நாள் கேட்டுவிட்டேன்.

"ஏப்பா, ராத்திரி ஆராச்சும் வண்டிகிட்ட வந்தாங்களா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். "என்னைக் கேக்கறீங்களா, வந்தவனைக் கேக்கறீங்களா?"

நான் குச்சியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஊட்டுக்குப் போறேனுங்க," என்று நடந்துவிட்டார்.

இரண்டு மாதம் வண்டி அசையவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, வேறு ஆளும் கிடைக்கவில்லை. தூசி படிந்து கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், கழுவுவதற்காகப் பண்ணையாட்களை விட்டு வாசலுக்குத் தள்ளச் சொன்னேன். பழக்க தோஷம், குச்சியை விட்டுப் பார்த்தேன். ஊற்றாத பெட்ரோல் ஒரு விரல் ஏறியிருந்தது.

கொட்டகைக்கு ஓடினேன். மாட்டு மூத்திரம் வழிந்து ஓட வேண்டும் என்று அந்தத் தரையை இடப்பக்கம் சரிவாகப் போடச் சொன்னவனே நான்தான். தொட்டியின் வாய் வண்டிக்கு வலது ஓரத்தில் இருந்தது. பெட்ரோல் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிக்கொள்ள, குச்சியில் குறைவாகக் காட்டியிருக்கிறது. ஒரு சொட்டும் எங்கும் போகவில்லை.

மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். அவர் தன் மச்சினன் வீட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"தரைதானுங்களா?" என்றார். தறியை விட்டு எழுந்து, "சரிங்க, வாரேன்," என்றார்.

வந்தார். மறுநாள் காலை வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, குச்சியை என்னிடம் நீட்டினார்.

"வேண்டாமப்பா," என்றேன்.

"அளந்து பாத்துருங்க. அப்பத்தான் எடுப்பேனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தினமும் அப்படித்தான், போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. கெஞ்சிப் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன். அவர் குச்சியை நீட்டியபடி நிற்பார். எனக்கு அலுத்துப்போயிற்று. அவருக்கு மட்டும் அலுக்கவே இல்லை.

ஒரு ஐப்பசியில் எனக்குக் கடும் காய்ச்சல். டாக்டரைக் கூட்டிவர அவர்தான் போக வேண்டும். கட்டிலருகே வந்து என்னைக் கைத்தாங்கலாக எழுப்பி, வாசல் வரை பத்திரமாக நடத்திக்கொண்டு போய், வண்டியருகில் நிறுத்தினார். குச்சியை என் கையில் கொடுத்தார்.

தொட்டிக்குள் விட்டு எடுத்தேன்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

மறுபடி என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, போர்வையை இழுத்து மூடிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.