ஞானத்தாயும் ஒரு ஸ்கூட்டர் உயிலும்

துறைமுகச் சாலையில் இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டால் மனிதனுக்கு ஞானம் பிறக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆலந்தலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் மனைவி. இரண்டு பக்கமும் லாரிகள் நெருங்கின. "மாதாவே!" என்று அலறினேன். லாரிகள் அவை பாட்டுக்குப் போய்விட்டன. அலறல் நிற்கவில்லை.

"ஏங்க, லாரி எப்பமோ போயிட்டு. வாயை மூடுங்க, தூசி போகுது" என்றாள் மனைவி.

அவளுக்கென்ன தெரியும்! நாற்பது நெருங்கிக் கல்யாணம் செய்தவன் நான். மூத்தவள் இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. இளையவள் இன்னும் செருப்பைக் கால் மாற்றித்தான் போடுகிறாள். நாங்கள் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தால் அதுகள் யாரிடம் வளரும்? மில்லர்புரத்தில் இருக்கும் என் அண்ணன் ஓடிவந்து கூட்டிப்போவான். தங்கமான மனிதன்தான். ஆனால் விடியுமுன் பிள்ளைகளை எழுப்பி வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிறவன். அவன் இருமினால் அவன் வீட்டு நாய்கூட எழுந்து நிற்கும்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் நினைவு வந்தது: ஞானஸ்நானத்தில் இரண்டுக்கும் ஞானத்தாயாக நின்றவள் என் கொழுந்தியாள் அல்லவா! பெற்றவர்கள் போனால் ஞானத்தாய்தான் தாய்; எங்கள் கடற்கரையில் அதுதான் பேச்சு. கோவில் பதிவேட்டில் பெயரே இருக்கிறது. இருந்தாலும் பயந்தவனுக்கு யாராவது ஆமாம் சொல்ல வேண்டுமே. மறுநாள் என்னோடு பள்ளியில் படித்த வக்கீலிடம் போய் நின்றேன். அவன் மேஜையில் தட்டிச் சிரித்தான்.

"ஏலே, அந்தப் பதிவேடு மேல இருக்கவருக்கு. இங்கன இருக்க ஜட்ஜுக்கு உயில் வேணும்."

"எங்கிட்ட உயில் எழுத என்னல இருக்கு? ஒரு ஸ்கூட்டர். அதுலயும் ஹாரன் அடிக்காது."

"பிள்ளைங்க இருக்குல்லா? யாரு வளக்கணும்னு நீ எழுதலைன்னா உங்க அண்ணனும் கேப்பாரு, கொழுந்தியாளும் கேப்பா. ரெண்டு பேரும் பாசத்துலதான் சண்டை போடுவாங்க. அது தீர்ற வரைக்கும் பிள்ளைங்க நடுவுல நிக்கும். சரி, அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போனேன். சீலா மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுற்றிவளைத்து, தொண்டையைச் செருமி, "ஒருவேளை நாங்க ரெண்டு பேரும்..." என்று இழுத்தேன்.

"பிள்ளைங்கள நான் வச்சுக்கிடுதேன் அத்தான். அதுக்காக நீங்க சாகணும்னு இல்ல, இன்னைக்கே அனுப்பி வைங்க" என்றாள். பிறகு குழாயைத் திறந்து, கழுவிய துண்டங்களையே மறுபடி கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். நான் மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிச்சமிருந்தது அண்ணன். "மறைச்சாத்தான் பின்னால சண்டை வரும். அவரையே சாட்சியாக் கூட்டிட்டு வா" என்றான் வக்கீல். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உயிலை ஒரு எழுத்து விடாமல் படித்தான். நடுவில் ஒருமுறை இருமினான்; நான் எழுந்து நின்றேன்.

"சரிதான். அவதான் பொறுமைசாலி" என்றவன், பேனாவை எடுத்து, "வாய்ப்பாடு மட்டும் நான் சொல்லிக்குடுக்கலாம்லா?" என்று கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றாள் என் மனைவி. கையெழுத்துப் போட்டான். வக்கீலின் குமாஸ்தா இன்னொரு சாட்சி.

விஷயம் காதில் விழுந்ததும் மூத்தவள் பள்ளிப்பையில் கவுன்களை அடுக்க ஆரம்பித்தாள். சித்தி வீட்டில் தினமும் ஐஸ்கிரீம் உண்டாம். "அப்பா, நீங்க எப்பம் போவீங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அதே துறைமுகச் சாலை. ஓரமாக, மிக ஓரமாக ஓட்டினேன். பனங்கிழங்கு விற்கிறவர் சைக்கிளில் எங்களை முந்திப்போனார். மனைவி என் முதுகில் தட்டினாள்.

"ஏங்க, அதான் உயில் எழுதியாச்சுல்லா? கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"