கூட வந்தவர் கையெழுத்து

போன வருடம் ஐப்பசி மழை நேரம். அடையாறில் ஒரு மருத்துவமனையில், எண்டோஸ்கோபி செய்யும் அறைக்கு வெளியே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக வயிற்றுவலி, அந்த வாரம் வாந்தியில் ரத்தம். இனி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நர்ஸ் ஒரு ஃபாரத்தை நீட்டி, கூட வந்தவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கூட யாரும் வரவில்லை, நானே போட்டுவிடுகிறேனே என்றேன்.

"மயக்க மருந்து குடுப்போம் சார், ஆள் இல்லாம பண்ண மாட்டாங்க. டாக்டர் பன்னெண்டு வரைக்கும்தான் இருப்பாரு. யாரையாவது வரச் சொல்லுங்க."

யாரையாவதுதானே, நமக்கா ஆள் இல்லை என்று நினைத்தேன். நான் வடக்கே பேர்பெற்ற பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. படித்தவன். தொடர்புகள்தான் சொத்து என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படிப்பால் நல்ல வேலை கிடைத்தது, மூன்று படுக்கையறை வீடு கிடைத்தது. அதில் இரண்டு அறைகளில் காலி அட்டைப்பெட்டிகள் குடியிருக்கின்றன. வடபழனியில் பெண் பார்க்கப் போனபோதும் அந்தப் படிப்பு விடவில்லை. 'இன்னும் ஐந்து வருடத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?' என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் இல்லை என்று அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னாள்.

அப்பாவும் அம்மாவும் கோவையில் அக்காவோடு இருக்கிறார்கள். அதனால் எம்.பி.ஏ. வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். பின்னணி, தேவை, கெடு என்று மூன்று குறிப்புகளாகப் பிரித்துத்தான் எழுதினேன். வயிறு எரிந்தாலும் படித்த படிப்பு போகுமா? ஒரே நிமிடத்தில் கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. இதே ஊரில் இருக்கும் ஒருவன், மீட்டிங்கில் மாட்டிக்கொண்டதாக அழும் பொம்மை அனுப்பினான். இன்னொருவன் போனிலேயே கூப்பிட்டான். நெகிழ்ந்துபோனேன். ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆரம்பித்திருக்கிறானாம்.

மணி பதினொன்று. பக்கத்து நாற்காலி அம்மாவுக்கு மட்டும் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைக் கடனாகக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனபோது பள்ளிக்கூட நண்பன் பெயர் வந்தது. பத்து வருடம் ஒரே பெஞ்ச். இப்போது மயிலாப்பூரில் ஆசிரியர். பேசி இரண்டு வருடமாகியிருந்தது. எந்த முகத்தோடு கூப்பிடுவது? கூப்பிட்டேன். மன்னிப்பு கேட்க நான் தயார் செய்திருந்த முன்னுரையை அவன் முடிக்க விடவில்லை.

"எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு மச்சி. தண்ணி கிண்ணி குடிச்சிடாத."

அரை மணியில் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்து நின்றான். பையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. ஃபாரத்தில் உறவுமுறை என்ற இடத்தில் யோசிக்காமல் 'அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். என்னைவிட நாலு மாதம் சின்னவன்.

சோதனை முடிந்ததும், வயிற்றில் புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்றார்கள். தன் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் என்னை அழைத்துப் போனான். வழியில் அவன் போன் வெளிச்சம் போட்டது. திரையில் இரண்டு குடுமியோடு ஒரு குட்டிப் பெண். யாரென்று கேட்டேன். தன் மகள் என்றான்.

"சொல்லவே இல்லையேடா."

அவன் வெளியே மழையைப் பார்த்தான். "சொல்லத்தான்டா கூப்ட்டேன். பொறந்த அன்னிக்கு."

மயக்கம் மிச்சமிருந்தும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று அவன் கேன்டீன் காபி, கொசு என்று சுற்றிச் சுற்றிப் பேசினான். நான் ஒரு கண்ணை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, எனக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, நேரா விஷயத்துக்கு வா என்றேன். எம்.பி.ஏ. வகுப்பில் அப்படிப் பேசினால் மதிப்பெண் கிடைக்கும். ஒண்ணுமில்லடா, சும்மாதான் என்று அவன் வைத்துவிட்டான். நேரம் மிச்சமானதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி வேறு.

வீட்டில் என்னைப் படுக்க வைத்து, கஞ்சி வாங்கி வைத்துவிட்டு, விடைத்தாளோடு கிளம்பிப் போனான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது ஞாயிறுதோறும் நானே கூப்பிடுகிறேன். அவன் மரியாதையாக, என்ன விஷயம் என்று கேட்கிறான். என்னிடம் விஷயம் ஒன்றும் இருப்பதில்லை. முப்பத்தெட்டு வயதில், விஷயமே இல்லாமல் ஒருவனோடு பேசுவது எப்படி என்று முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாடத்தில் வாத்தியாரும் அவனேதான், எனக்குப் பாஸ் போடுவானா என்று இன்னும் தெரியவில்லை.