தொடாமல் தூக்கிய கால்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என் தம்பி காளி காவலாளியிடம் மல்லுக்கு நின்றான். எங்கள் மலையூர் புதூர்நாட்டிலிருந்து சாமைக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தான். உள்ளே என் கணவர் வாயில் குழாயோடு வென்டிலேட்டரில் (மூச்சைத் தள்ளித் தரும் இயந்திரம்) கிடந்தார். கஞ்சியை எந்த வழியாக ஊற்றுவது என்று அவன் யோசிக்கவே இல்லை.

புளி உலுக்கப் போனவரைப் புதர்ப் பூச்சி கடித்து, காய்ச்சல் முற்றிவிட்டது. மலையிறங்கி இங்கே வருவதற்குள் ஷாக் (ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை). சலைன் நிறைய ஏற்றியிருந்தார்கள். இனி யோசித்துத்தான் தருவோம் என்றார் டாக்டரம்மா.

கஞ்சியை வாசலில் விட்டு உள்ளே வந்த காளிக்குப் பொறுக்கவில்லை. “இன்னாங்க டாக்டரு, ஒடம்பு காஞ்சி கெடக்குது. இன்னொரு பாட்டிலு ஏத்துனா இன்னா?”

“அதிகமானா நுரையீரல்ல தேங்கிடும்ங்க. கட்டிலைச் சாய்ச்சு காலை உயர்த்துறோம். கால்ல இருக்கற ரத்தம் நெஞ்சுக்கு வரும். இதயம் அதைக் கூடுதலாத் தள்ளினா, இன்னும் தண்ணி தரலாம். நீங்களே பாருங்க.”

கட்டில் சாய்ந்தது, கால்கள் உயர்ந்தன. டாக்டரம்மா ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்துத் திரையைப் பார்த்தார். இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவைக் காட்டும் எண் ஏறியது.

“ஏறுதுக்கா!” என்று காளி கத்தினான்.

சலைன் கொண்டுவரச் சொல்லத் திரும்பியவர் போர்வையைப் பார்த்தார். போர்வைக்குள் காளியின் கை இருந்தது. எங்கள் மலையில் யார் படுத்தாலும் முதல் வைத்தியம் காலை அமுக்கி விரலைச் சொடுக்குவதுதான். காளி சொடுக்கினால் கல்லும் அலறும்.

“கையை எடுங்க! வலியில இதயம் வேகமா அடிச்சிருக்கு. அதை நம்பி நான் பாட்டில் ஏத்தியிருந்தா?”

மறுபடி சோதனை. காளி கைகட்டி நின்றான். பள்ளிக்கூடத்தில்கூட அப்படி நின்றவனில்லை. ஒரு நிமிடம்தான், எனக்கு உயிர் போய் வந்தது. எண் அசையவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன்.

“அழாதீங்க. தண்ணி வேணாம்னுதான் அர்த்தம். அழுத்தத்தை ஏத்தற மருந்தைக் கூட்டறோம்.”

உங்கள் வீட்டாருக்கும் இப்படிக் காலை உயர்த்தினால், பக்கத்தில் சும்மா நில்லுங்கள். எங்களுக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

அவர் பிழைத்தார். அந்த நாட்கள் எதுவும் அவர் நினைவில் இல்லை. எனக்கோ அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை. மெலிந்த கால்களை நீட்டி அவர் படுக்கும்போதெல்லாம், அந்த எண் அங்கே ஓடும் என்பது போலச் சுவரைப் பார்க்கிறேன்.

காளி வந்தால் கைகட்டி நின்று, “தொடலாமாக்கா?” என்கிறான்.

“அவளை இன்னாடா கேக்கற? அமுக்குடா,” என்கிறார் இவர்.

காளி விரலைச் சொடுக்குகிறான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி இவர் கத்துகிறார். அந்தக் கத்தலைக் கேட்ட நாளில்தான் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.