பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

எங்கள் குத்தகை நிலத்தைப் பிடுங்க நிலத்துக்காரர் போட்ட வழக்கு. அதற்கான வாக்குமூலத்தை என் விரல்களால்தான் டைப் அடித்தேன். ஒரத்தநாட்டில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் நான் சம்பளத்துக்கு இருந்தேன். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையை மாற்றிக்கொள்ளும் மனிதர். என் அப்பா அந்த வயலில் ஒருநாளும் ஏர் பிடித்ததில்லை என்று வக்கீலின் தாளை அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன். வேண்டுமென்றேதான் என்னை உட்காரவைத்தார். வேலையை விட்டால் வீட்டில் உலை கொதிக்காது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவருக்குக் கம்ப்யூட்டர்மேல் நம்பிக்கை கிடையாது. "பெட்டிக்குள்ள இருந்தா எவனாவது பாத்துருவான். பிளாப்பியில ஏத்திட்டு உள்ள இருக்கறத அழிச்சிரு" என்றார். அழித்தேன். தாளையும் கிழித்துப் போட்டார். பிளாப்பியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்திருந்தது. பூஜை முடிந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஆயுத பூஜையன்று மானிட்டர், மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். நான் மட்டும் வாசற்படிக்கு வெளியே. தினமும் நான் தட்டுகிற கீபோர்டை அன்று எங்கள் சாதிக்காரி தொட்டால் தீட்டாம். கடைசியாகப் பிளாப்பியை எடுத்தார். மேலே பொட்டு வைத்தது போதாதென்று அதன் தகர மூடியைத் தள்ளி, உள்ளே தெரிந்த கறுப்புத் தட்டிலும் ஈரச் சந்தனத்தை அழுத்தினார்.

"ஐயா, அதுல..." என்று பதறிவிட்டேன்.

"பூஜை நேரத்துல நீ வாயத் தொறக்காத."

மூடிக்கொண்டேன். வயிறு குளிர்ந்தது.

கோர்ட்டுக்குப் போகவேண்டிய காலையில், டிரைவுக்குள் பிளாப்பி கரகரவென்று அரைத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. எத்தனை முறை போட்டாலும் அதேதான். அவருக்கு வியர்த்து ஊற்றியது. முதல் தடவையாக என்னிடம் 'ம்மா' போட்டுப் பேசினார்.

"நீ அடிச்சதுதானேம்மா, ஞாபகம் இருக்குமே. அப்படியே திருப்பி அடிச்சுக் குடும்மா."

"எதுவுமே ஞாபகம் இல்லீங்க ஐயா. நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க."

என் முகத்தையே பார்த்தார். பார்க்கட்டும் என்று நானும் பார்த்தேன்.

வழக்கு தை மாதக் கடைசிக்கு வாய்தா போனது. அதற்குள் அப்பா சம்பா நட்டுவிட்டார். வாய்தா நாளுக்கு முன்னாலேயே அறுத்தும்விட்டோம். அந்தப் புது நெல்லுச் சோற்றைப் பிசைந்து தின்றபடி, வாக்குமூலத்தை முதல் வரியிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட விட்டுப்போகவில்லை. இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டேன்.