கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த அம்மா

எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். “அம்மாட இல்லறத்தப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுது புள்ள, மற்றக் கதையெல்லாம் வேணாம்” என்று அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, சொல்லியனுப்பியிருந்தார். அப்படியே எழுதிப் பார்த்தேன். வாசிக்க எனக்கே கூச்சமாக இருந்ததால் கிழித்துப் போட்டேன்.

அம்மா ஆரையம்பதியில், வாவிக் கரையோரத்து மீன்பிடிக் குடும்பமொன்றின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். சண்டைக் காலம் அவரது படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். அப்பாவும் தன்னாமுனையிலிருந்து அப்படித்தான் வந்தார். கறியில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் சோற்றுக் கோப்பை முற்றத்துக்குப் பறக்கும். சிந்தியதை அள்ளிக்கொண்டே “அவருக்கு வேலைக் களைப்பு” என்பார் அம்மா. நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்த வருடம், அப்பா அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு வெளியில் தலைகாட்ட வெட்கம். காண்பவர்களிடமெல்லாம் “அவருக்கு வாகரைப் பக்கம் வேலை” என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்! அதுவும் போதாதென்று அப்பா வீட்டில் உடுத்து விட்டுப்போன நீலச் சாரத்தை ஒவ்வொரு கிழமையும் தோய்த்து, தெருவுக்குத் தெரியும்படி கொடியில் காயப்போடுவார். மனிதர் வந்து போகிறார் என்று ஊர் நினைக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தால் வரும்போது அந்தச் சாரத்தைக் கண்டாலே எனக்கும் தங்கைக்கும் மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருக்கும்.

ஆனால் வீட்டுக்குள் நடந்தது வேறு. அதுவரை அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. இப்போது மூவரும் நிலத்தில் இருந்து, மீன் கறிச் சட்டிக்குள்ளேயே சோற்றைக் கொட்டிப் பிசைந்து, அம்மா உருட்டித் தரத் தரச் சாப்பிட்டோம். விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து எங்களை வளர்த்தார். அந்தக் கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் பேசுவது போலவே பேசிக் காட்டுவார். அம்மாவுக்கு இவ்வளவு பகிடி வரும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. வயிறு நோகச் சிரிப்போம். உடனே எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். “மெல்லச் சிரிங்கடி! புருசன் இல்லாத வீட்டுல என்ன கூத்து எண்டு ஆக்கள் கேட்டா நான் என்னத்தச் சொல்லுற?” என்று சொல்லிவிட்டு, அவரே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தார். “என்னகா புள்ள, அந்தச் சாரத்துக்கு வேற வேலை இல்லையா? உடுக்காமலே தோச்சுத் தோச்சு நூலாப் போகுது. எங்களுக்கு முதல் கிழமையே தெரியும். பாவம், அத விடு.” அம்மாவுக்கு முகம் சிவந்து, கண் கலங்கி, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மாமியும் சிரித்தார். அன்றோடு சாரம் கொடியேறவில்லை.

அடுத்த சித்திரை வருடப்பிறப்புக்குப் பெரியப்பா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீடு அம்மாவுடையது, அவர் ஓம் என்றால்தான் அப்பா உள்ளே வரலாம். அப்பா வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “திருந்திட்டான் புள்ள. ரெண்டு பொம்புளப் புள்ளையள் வளருது. தகப்பன் இல்லாத வீட்டுல நாளைக்கு ஆர் வந்து பொண்ணு கேப்பான்?” என்றார் பெரியப்பா. அம்மா வேண்டாம் என்றால் எங்கள் வாழ்க்கை கெட்டுவிடும். ஓம் என்றால் அம்மாவின் வாழ்க்கை.

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அத்தான், சொல்லக் கூடாத கதைதான், சொல்லுறன். முந்தி, இவர் விட்டுட்டுப் போனதுக்கு வெட்கப்பட்ட நான். இப்ப அது இல்ல. இவர் போன பிறகு நாங்க மூண்டு பேரும் சந்தோசமா இருக்கிறம். அதுதான் இப்ப எனக்கு வெட்கமாக் கிடக்கு. என்ன மன்னிச்சிடுங்க.”

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். பிறகு அம்மா அடுப்படியில் இருந்து அழுதார். “நான் சொன்னத ஒருத்தருக்கும் சொல்லிராதங்கடி. நல்ல பொம்புள சொல்லுற கதையா அது?” என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். அந்த வெட்கத்தோடு கோயிலில் கடைசி வரையும் பின்வரிசையில்தான் நின்றார். பெரியப்பா பயந்தது போல் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் இருவரையும் நல்ல இடங்களிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அதே சட்டிச் சோறு கிடைத்தது.

சிறுநீரக வருத்தம் வந்து படுத்தபின் அம்மா அதிகம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களோடு முறை வைத்து இருந்த மாமிக்கும், இடியப்பம் நின்ற பிறகும் வீடு தேடி வந்து பார்த்த கடைக்காரர்களுக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும் எங்கள் நன்றி. செத்த வீட்டுக்கு வந்து, உள்ளே வரலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டே படியேறிய அப்பாவுக்கும் நன்றி. எல்லாம் தெரிந்திருந்தும் “அவர் எங்க?” என்று அம்மாவை ஒருநாளும் கேட்காத எங்கள் தெருவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தியத்தை மீறி ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கிறேன், கை கூசுகிறது. நாங்கள் சந்தோசமாகத்தான் இருந்தோம்.